நற்பெயரும் நற்சான்றும்

எங்கள் ஊர்த் திருச்சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பீடத்தை அடுத்த பக்கத்தறையில் ஒரு சிறு காரியம் நடைபெறும். அன்று படைக்கப்பட்ட காணிக்கையை மேசைமீது கொட்டி, நோட்டுகளையும் நாணயங்களையும் வகைவகையாகப் பிரித்து, மூவர் இருந்து எண்ணுவர். ஒருவர் எண்ணியதை மற்றொருவர் மீண்டும் எண்ணுவார். மூன்றாமவர் தொகையைப் பேரேட்டில் எழுதுவார். பின்னர் மூவரும் அதன்கீழ்க் கையொப்பமிடுவர். என் பாட்டனார் அச்சபையில் பல்லாண்டுகள் பொருளாளராக இருந்தவர். அவர் எண்ணினால் ஒரு காசும் தவறாது என்பது ஊரறிந்த செய்தி. பெருமழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றை இருவரும் வரவில்லை. குருவானவர், "நீங்களே எண்ணி எழுதிவிடுங்களேன், உங்களை யார் ஐயுறப் போகிறார்கள்?" என்றார். பாட்டனாரோ காணிக்கைப் பையின் வாயைக் கட்டி அரக்கு முத்திரையிட்டு, "என்னை யாரும் ஐயுறமாட்டார்கள், ஐயரவர்களே, அதனாலேதான் நான் தனியே எண்ணக்கூடாது" என்று சொல்லி, பையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலையில் மூவரும் கூடிய பின்னரே அது திறக்கப்பட்டது. அன்று யான் ஏழு வயதுச் சிறுவன். பாட்டனாருக்கு இத்துணைப் பிடிவாதம் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்நிகழ்ச்சியைச் சென்ற ஆண்டில் மீண்டும் நினைக்க நேர்ந்தது. அதனை நினைப்பித்தது வேதநூலுமன்று, அறநூலுமன்று. பிளாக்செயின் என்று இக்காலத்தார் வழங்கும் கணிப்பொறிப் பேரேட்டைப் பற்றிய ஒரு வரலாறே. இலக்கணமும் உரையும் பயிலும் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். வினவுதல் தகும். ஆயினும், அப்பேரேட்டினை அமைப்போர் இன்று எதிர்ப்பட்டு நிற்கும் வினா திருவள்ளுவனார் எடுத்துக்கொண்ட வினாவேயாம். திருக்குறளின் 51-ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்' என்னும் பெயருடையது. அங்கே தெளிதல் என்னும் சொல் நம்புதலைக் குறிக்கும். ஒருவரை ஆராய்ந்து, அதன்பின் நம்புதல் என்பது அதிகாரத்தின் பொருள். ஆராயாது நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்ற கருத்தோடு அவ்வதிகாரம் முடிகின்றது. நற்பெயர் ஒன்றையே கொண்டு ஒருவரை நம்பலாமா, அவரை ஆராயும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு உடைய பொறியிடம் ஒப்புவிக்கலாமா என்னும் இரு வினாக்களையே யான் ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

முதற்கண் அப்பேரேடு இன்னதென்று சுருங்கக் கூறுதல் வேண்டும். வங்கியின் கணக்கு வங்கியிடம் இருக்கின்றது. பத்திரப் பதிவு பதிவகத்தில் இருக்கின்றது. அவற்றை நம்புகின்றவர் அந்நிலையங்களை நம்புகின்றனர். பிளாக்செயினில் அத்தகைய தலைமை நிலையம் இல்லை. ஒரே கணக்கின் படிகள் பல இடங்களிலுள்ள பல கணிப்பொறிகளில் வைக்கப்பட்டிருக்கும். கணக்கு பக்கம் பக்கமாக எழுதப்படும். ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்திய பக்கத்தின் கைரேகை போன்றதோர் எண்ணைத் தன்னுள் கொண்டிருக்கும். ஆதலின் பழைய பக்கம் ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினும், அதன் பின்வந்த பக்கங்களெல்லாம் பொருந்தாமற்போய்க் களவு வெளிப்பட்டுவிடும். சத்தோசி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரை இவ்வமைப்பை விளக்கிற்று. 2009 சனவரி 3-ஆம் நாள் பிட்காயினின் முதற்பக்கம் எழுதப்பெற்றது.

பழைய பக்கத்தைத் திருத்த இயலாது என்பது சரி. அடுத்த பக்கத்தை எழுதுவோர் யாவர்? இதுவே இடர்ப்பாடான வினா. லெசுலி லாம்போர்ட், இராபர்ட் சோசுடாக், மார்சல் பீசு என்னும் மூவர் 1982-ஆம் ஆண்டில் இவ்வினாவைப் பைசாந்தியப் படைத்தலைவர் கதையாக அமைத்தனர். ஒரு நகரை முற்றுகையிட்ட படைத்தலைவர் பலர் தூதர் வாயிலாகவே பேசிக்கொள்கின்றனர். அவருள் சிலர் வஞ்சகர். வஞ்சகர் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறைவாக இருந்தாலன்றி, வாய்மொழித் தூதால் மட்டும் நல்லோர் ஒருமுடிவுக்கு வருதல் இயலாது என்று அவர்கள் நிறுவினர். இதிலும் ஒரு சூழ்ச்சிக்கு இடமுண்டு. வலைப்பின்னலில் ஒருவன் நூறு பொய்ப்பெயர் தாங்கி நூறு பேராகத் தோன்றலாம். ஜான் டௌசர் என்னும் ஆராய்ச்சியாளர் 2002-ஆம் ஆண்டில் இதற்குச் 'சிபில் தாக்குதல்' என்னும் பெயரால் விளக்கம் எழுதினார். ஆகவே தலையெண்ணி முடிவு செய்தல் கூடாது. ஒவ்வொருவரும் எளிதிற் பெருக்கிக்கொள்ள இயலாத ஏதேனும் ஒன்றைப் பிணையாக வைத்தல் வேண்டும்.

அப்பிணைகள் மூவகைப்படும். முதலாவது உழைப்பு. பிட்காயினில் பக்கம் எழுத விரும்புவோர் கணிப்பொறிகளைக் கொண்டு மிகப் பெரிய கணக்குப் புதிரொன்றை விடுவித்தல் வேண்டும். இதற்குச் செலவாகும் மின்சாரம் ஒரு நாட்டின் மின்செலவோடு ஒப்பிட்டுப் பேசப்படும் அளவினது. இரண்டாவது பொருள். எத்தீரியம் என்னும் வலைப்பின்னல் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் உழைப்பை விடுத்துப் பொருட்பிணைக்கு மாறிற்று. அங்கே சரிபார்ப்போராக விரும்புவோர் 32 ஈதர் நாணயத்தைப் பிணையாகக் கட்டுதல் வேண்டும். வஞ்சித்தால் அதில் ஒரு பகுதியையேனும் இழப்பர். இம்மாற்றத்தால் அதன் மின்செலவு நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கிற்கு மேல் குறைந்தது. மூன்றாவது பிணை நற்பெயர். உழைப்பும் வேண்டா, பொருளும் வேண்டா. 'இன்னார் யான்' என்று தம்மை வெளிப்படையாக அறிவித்து, உலகறிந்த தம் பெயரையே பிணையாக வைப்போர் சிலர் சரிபார்ப்போராக அமைவர். தவறிழைத்தால் அவர் இழப்பது பெயர். இதனைக் கணிப்பொறி நூலார் அதிகாரச் சான்று என்பர். அப்பெயரை வழங்கியவர் எத்தீரியத்தை நிறுவியோருள் ஒருவராகிய கேவின் உட் என்பர்.

இம்முறை எழுந்ததற்குத் தக்க காரணம் உண்டு. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எத்தீரியத்தின் சோதனைக் களமாகிய ரோப்சுடன் என்னும் வலைப்பின்னல் தீயோரால் பயனற்ற செய்திகளால் நிரப்பப்பட்டு முடங்கிற்று. அங்கிருந்த நாணயத்திற்கு விலை இல்லை. ஆகவே உழைப்பைப் பிணையாக வைப்போரும் மிகச் சிலரே. சிறிது கணிப்பொறி வலிமை உடையவனும் அதனைக் கைப்பற்ற முடிந்தது. அதன்பின் அவ்வாண்டிலேயே கோவன், ரிங்கெபி என்னும் இரண்டு சோதனை வலைப்பின்னல்கள் நற்பெயரை அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்டன. ரிங்கெபியில் ஒரு நல்ல ஒழுங்கு இருந்தது: ஒருமுறை பக்கம் எழுதியவர் மற்றவர் பலர் எழுதும்வரை காத்திருத்தல் வேண்டும், புதியவரைச் சேர்ப்பதும் பழையவரை நீக்குவதும் சரிபார்ப்போரின் பெரும்பான்மை வாக்கால் நிகழும். தம் காலம் முடிந்தபின் அவ்விரண்டும் நிறுத்தப்பட்டன. இம்முறையையே பின்பற்றிய மற்றொரு வலைப்பின்னல், அமெரிக்க நாட்டில் அரசின் உரிமம் பெற்ற நோட்டரிகளைச் சரிபார்ப்போராக அமர்த்திற்று. பிறர் பத்திரங்களுக்குச் சான்று கூறும் தொழிலினர் தம் பெயரைக் கெடுத்துக்கொள்ளத் துணியார் என்பது அவர்களுடைய எண்ணம். அவ்வெண்ணத்தை நாம் எள்ளுதல் ஆகாது. விரைவாகவும், சிறு செலவிலும், மின்சாரத்தை வீணாக்காமலும் கணக்கு நடைபெற இம்முறை உதவிற்று. நம்மூரிலும் கடன் கொடுப்போர் சொத்தைப் பார்ப்பதற்கு முன்னே பெயரையன்றோ பார்க்கின்றனர்?

இனி, என்னைப் பாட்டனாரின் அலமாரியை நினைக்கச் செய்த வரலாற்றுக்கு வருகின்றேன். வியட்நாம் நாட்டில் தோன்றிய இசுக்கை மேவிசு என்னும் நிறுவனம் ஆக்சி இன்பினிட்டி என்னும் கணிப்பொறி விளையாட்டை நடத்திவந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் பிலிப்பைன் நாட்டில் வேலையிழந்த எளியோர் பலர் அவ்விளையாட்டில் ஈட்டிய நாணயத்தைக் கொண்டு அரிசியும் மருந்தும் வாங்கினர். அவ்விளையாட்டின் பொருட்டு ரோனின் என்னும் தனி வலைப்பின்னல் அமைக்கப்பட்டது. எத்தீரியத்தில் உள்ள செல்வத்தை ரோனினுக்குக் கொண்டுவரவும் திருப்பிக் கொண்டுபோகவும் ஒரு 'பாலம்' இருந்தது. பாலம் என்பது உண்மையில் ஒரு கருவூலம். அதனைத் திறக்க, அறியப்பட்ட பெயருடைய ஒன்பது சரிபார்ப்போருள் ஐவர் கையொப்பம் வேண்டும். ஒன்பதின்மருள் ஐவர் ஒருங்கே கெட்டுப்போதல் அரிது என்று யாரும் எண்ணுவர்.

ஆனால் அவ்வொன்பது கையொப்பங்களுள் நான்கு இசுக்கை மேவிசு நிறுவனத்தாரிடமே இருந்தன. பைசாந்தியக் கதையில் வரும் படைத்தலைவர் தனித்தனிக் கூடாரத்தில் இருப்பவர். நால்வர் ஒரே கூடாரத்தில் உறங்குவாராயின் பகைவனுக்கு அவர் நால்வரல்லர், ஒருவரே. ஐந்தாவது கையொப்பத்தின் கதைதான் என் நெஞ்சைத் தைத்தது. 2021 நவம்பரில் விளையாடுவோர் தொகை மிகுந்து வேலை தாங்காமற்போகவே, ஆக்சி டிஏஓ என்னும் மற்றொரு சரிபார்ப்பு அமைப்பு, தன் பெயரால் கையொப்பமிடும் உரிமையை அந்நிறுவனத்துக்கு இரவலாகத் தந்தது. டிசம்பரில் அத்தேவை ஒழிந்தது. தேவை ஒழிந்தபின்னும் தந்த உரிமையைத் திரும்பப் பெற ஒருவரும் நினைக்கவில்லை. அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வஞ்சக வலையில் வீழ்ந்தார். பொய்யான வேலைவாய்ப்பு ஒன்றைக் காட்டி அவரை ஏமாற்றினர் என்று செய்தித்தாள்கள் பின்னர் எழுதின. அவ்வழியே புகுந்த திருடர் நான்கு சாவிகளையும் கவர்ந்து, இரவல் கதவு திறந்திருப்பதைக் கண்டு ஐந்தாவதையும் பெற்றனர். 2022 மார்ச் 23-ஆம் நாள் 1,73,600 ஈதரும், 2 கோடியே 55 இலட்சம் டாலர் மதிப்புள்ள மற்றொரு நாணயமும் வெளியேறின. அற்றைநாள் மதிப்பில் அது 60 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை. ஆறு நாட்கள் வரை யாரும் அறியவில்லை. 29-ஆம் நாள் ஒருவர் தம்முடைய 5,000 ஈதரை எடுக்க முயன்று இயலாமற்போன பின்னரே களவு வெளிப்பட்டது. வடகொரிய நாட்டைச் சார்ந்த இலாசரசு என்னும் கூட்டத்தாரே இதனைச் செய்தனர் என்று அமெரிக்க நாட்டின் எப்.பி.ஐ. ஏப்ரலில் அறிவித்தது.

இவ்வரலாற்றை விடுதி அறையில் இருந்து படித்தபோது புத்தகத்தைப் பற்றிய என் கை நடுங்கிற்று. ஏனெனில் அந்த ஐந்தாவது கையொப்பத்தைப் போன்றதொன்றை யானும் இட்டிருக்கின்றேன்.

மூன்றாண்டுகட்கு முன் யான் ஓர் ஊரின் வாலிபர் ஐக்கியத்தில் துணைச்செயலனாக இருந்தேன். கிறிஸ்துமஸ் கீதபவனிக்கென்று திரட்டிய பணம் மூப்பர் ஒருவரிடம் இருந்தது. செயலரும் யானும் கையொப்பமிட்ட செலவுச்சீட்டைப் பொருளாளன் கொண்டுபோய்க் காட்டினால் அவர் பணம் தருவார். பொருளாளன் என் உற்ற நண்பன். சொல்லுக்குச் சொல் நேர்மையானவன் என்று பெயர்பெற்றவன். டிசம்பரில் தேர்வு நெருங்கிற்று. நாள்தோறும் சீட்டுக்குக் கையொப்பமிட என்னைத் தேடி அவன் அலைவதைக் கண்டு, "உன்னை நம்பாமல் யாரை நம்புவது?" என்று சொல்லி, எழுதப்படாத சீட்டுகள் எட்டில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன். செயலரும் அவ்வாறே செய்தார். தேர்வு முடிந்தது, சீட்டுகளைத் திரும்பக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பண்டிகை முடிந்து கணக்குப் பார்த்தபோது, விளக்கு அலங்காரத்துக்கென்று 2,400 ரூபாய் பெற்ற சீட்டு ஒன்று இருந்தது; அவ்வாறு ஒரு செலவு நிகழவே இல்லை. சீட்டுப் புத்தகம் பாட்டுப் பயிற்சி நடந்த அறையில் பலநாள் திறந்தே கிடந்ததாம். பயிற்சிக்கு வந்துபோன பிள்ளைகள் பலர். எடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. மூப்பரிடம் கேட்டால், "பொருளாளத் தம்பிக்கு வேண்டும் என்று ஒரு பையன் சீட்டோடு வந்தான், இரண்டு கையொப்பமும் இருந்தன, கொடுத்தேன்" என்றார்.

தொகையை நாங்கள் மூவரும் பகிர்ந்து கட்டிவிட்டோம். பணம் தீர்ந்தது, பெயர் தீரவில்லை. கூட்டத்தில் ஒருவரும் என் நண்பனைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் இல்லை என்று சொல்வாரும் இலர். அவனுக்காகச் சான்று சொல்லக்கூடியவன் யான் ஒருவனே. ஆனால் யான் எதைக் கொண்டு சான்று சொல்வேன்? எழுதாத தாளில் கையொப்பமிட்டவனுடைய சொல்லுக்கு என்ன மதிப்பு? அவனை நம்பியதாக யான் எண்ணியிருந்தேன். உண்மையில் அவனைச் சாட்சியில்லாதவனாக விட்டுவிட்டேன். தன் வேலையை மற்றொருவர் சரிபார்த்திருந்தாலன்றோ பழிவரும் நாளில் அவன் நிமிர்ந்து நிற்க முடியும்? பாட்டனார் பையைக் கட்டி முத்திரையிட்டதன் பொருள் அன்றைக்குத்தான் விளங்கிற்று. அவர் தம்மை ஐயுற்று அவ்வாறு செய்யவில்லை. தம் பெயரைக் காத்துக்கொள்ளவே செய்தார். உடன் எண்ணுகின்ற இருவர் அவருக்குக் காவலரல்லர், சாட்சிகள்.

இனி இரண்டாவது வினா. மனிதர் இவ்வாறு மறப்பும் சோர்வும் உடையவராதலின், சரிபார்ப்போரை ஆராயும் பணியை வலைப்பின்னலுக்குள்ளேயே அமைந்த செயற்கை நுண்ணறிவிடம் விடலாம் என்று இன்று பலர் எழுதுகின்றனர். ஒவ்வொருவரும் காலந்தவறாது வந்தனரா, மற்றவரோடு ஒத்துச் சான்று கூறினரா, வழக்கத்துக்கு மாறாக எதையேனும் செய்தனரா என்று பொறி இடையறாது நோக்கி, அவரவர் நற்பெயருக்கு ஓர் எண்ணை இட்டு, அதனை ஏற்றியும் இறக்கியும் வரும். இத்தகைய கணக்கீடு முற்றும் புதியதன்று. 2003-ஆம் ஆண்டிலேயே இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஐகன்டிரசுட் என்னும் முறையை அமைத்தனர். ஒருவரைப் பற்றிப் பலர் கூறும் கருத்தை, அக்கூறுவோர் தாம் எத்துணை நம்பத்தக்கவர் என்பதனால் எடையிட்டு மதிப்பது அது. குணத்தையும் குற்றத்தையும் நாடி மிகுந்ததைக் கொண்டு மதிக்கச் சொன்ன வள்ளுவனாருக்கும் இஃது உடன்பாடாகவே இருக்கும்.

எனினும் இங்கே இடர்கள் உள. முதலாவது, பேரேட்டின் எல்லாப் படிகளும் ஒரே விடையைத் தருதல் வேண்டும். செயற்கை நுண்ணறிவு செய்யும் கணக்கோ பின்னங்களாலானது. பொறிக்குப் பொறி கடைசி இலக்கங்களில் வேறுபடக்கூடும். ஆகவே கணக்கை வெளியே செய்து, அது சரியாகச் செய்யப்பட்டது என்னும் சான்றை மட்டும் பேரேட்டில் பதிக்க முயல்கின்றனர். அச்சான்றை ஆக்குதல் இன்னும் பெருஞ்செலவுடையதாகவே உள்ளது. இரண்டாவது, மதிப்பிடுவோரையும் யாரேனும் மதிப்பிட வேண்டியிருக்கின்றது. பிட்டென்சர் என்னும் வலைப்பின்னலில் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் வேலைக்குச் சரிபார்ப்போர் மதிப்பெண் இடுகின்றனர். அவருள் சோம்பர் சிலர் தாமாக ஆராயாமல் பிறர் இட்ட மதிப்பெண்ணைப் பார்த்தெழுதிப் பரிசு பெறலாயினர். அதனைத் தடுக்க, மதிப்பெண்ணை முதலில் மறைத்திட்டுப் பின்னர் வெளிப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தனர். தேர்வறையில் விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதும் நமக்கு இது புதிய செய்தியன்று.

மூன்றாவது இடரே பெரிது. நற்பெயர் என்பது நேற்றுவரை நிகழ்ந்ததைப் பற்றிய செய்தி. ரோனினின் சரிபார்ப்போரை மார்ச் 22-ஆம் நாள் ஒரு பொறி ஆராய்ந்திருக்குமாயின், அவரவர் பழைய ஒழுக்கத்தைக் கொண்டு நிறைந்த மதிப்பெண்ணே இட்டிருக்கும். களவு நிகழ்ந்தபோதும் கையொப்பங்கள் மெய்யானவை. அவற்றை இட்ட கைகளே மாறின. என் நண்பனுடைய சீட்டிலும் கையொப்பம் என்னுடையதே. பெயரை நோக்கும் ஆராய்ச்சி, அது மனிதன் செய்வதாயினும் பொறி செய்வதாயினும், இவ்விடத்தில் தோற்றுப்போகும். செயலையே நோக்குதல் வேண்டும். ஒரே நாளில் கருவூலத்தின் பெரும்பகுதி வெளியேறியது என்பதை உணரப் பேரறிவு எதற்கு? பெருந்தொகை வெளியேறுவதைக் கண்காணிக்கும் ஏற்பாடு இல்லாமையே ஆறு நாள் அறியாமைக்குக் காரணம் என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தியில் பெட்டியைத் திறந்து பார்க்கும் வழக்கம் இருந்தாலே போதுமாயிருந்தது.

ஆயின் பொறிக்கு அங்கே இடமே இல்லையோ எனின், உண்டு. அவ்விடம் இன்னதென்று அறிய எத்தீரியத்தின் தண்டனை முறையைப் பார்த்தல் நலம். அங்கே ஒருவருடைய பிணைப்பொருள் சந்தேகத்தின் பேரில் பறிக்கப்படுவதில்லை. ஒன்றற்கொன்று முரணான இரண்டு கூற்றுகளில் அவரே கையொப்பமிட்டார் என்பதை யாரேனும் எடுத்துக் காட்டினால்தான் தண்டனை. அவ்விரண்டு கையொப்பங்களையும் எவரும் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு இடும் எண்ணோ அத்தகையதன்று. எதனால் இவ்வெண் வந்தது என்று கேட்டால் அதனை அமைத்தவரும் பலவேளை விடைகூற இயலார். காரணம் காட்டப்படாத ஓர் எண்ணால் ஒருவருடைய பெயர் குறையுமாயின், அஃது எங்கள் கூட்டத்தில் நிலவிய அம்மௌனத்தை ஒத்ததே. குற்றம் சாட்டுவாரும் இல்லை. மறுமொழி கூற வழியும் இல்லை. ஆகவே பொறி மணியடிக்கட்டும், தீர்ப்புக் கூறவேண்டா. ரோனின் பாலத்தை 2022 சூனில் மீண்டும் திறந்தபோது அமைத்த ஏற்பாடும் இதனோடு ஒத்தது. இழந்தோருக்குப் பொருள் ஈடுசெய்யப்பட்டது. களவு வெளிப்பட்ட அன்றே ஐந்தாக இருந்த கையொப்பத் தொகை எட்டாக உயர்த்தப்பட்டிருந்தது. பெருந்தொகை வெளியேற முயன்றால் அது தானே தடைப்பட்டு மனிதரின் ஆய்வுக்காக நிற்கும்படி புதிய பாலம் செய்யப்பட்டது. பொறி நிறுத்துகின்றது, மனிதர் பார்க்கின்றனர்.

நற்பெயரை இகழ்வதற்காக யான் இதனை எழுதவில்லை. நற்பெயர் ஒருவரை எண்ணுகின்ற மேசைக்கு அழைத்துவரும். அங்கே அமரும் உரிமையைத் தரும். தனியே எண்ணும் உரிமையை அது தருவதன்று. நண்பர்காள்! நம்முள் பலர் சில ஆண்டுகளில் ஆசிரியராகவும், அலுவலராகவும், சபைகளிலும் சங்கங்களிலும் கணக்கு வைப்பவராகவும் செல்லவிருக்கின்றோம். நம்மையும் யாரேனும், "உங்களை யார் ஐயுறப் போகிறார்கள்?" என்று சொல்லி எழுதாத தாளை நீட்டுவர். அது நமக்குச் செய்யும் பெருமை என்று நாம் எண்ணிவிடலாகாது. நாம் நம்புகின்றவரிடம் அத்தகைய தாளை நீட்டுவதும் அன்பென்று எண்ணிவிடலாகாது.

சென்ற அறுவடைப் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் நண்பனை மீண்டும் பொருளாளனாக இருக்கும்படி வாலிபர் ஐக்கியத்தார் கேட்டனர். அவன் மறுத்துவிட்டான். பின்னர் யான் அவனை அவன் வீட்டில் கண்டு, மூன்றாண்டுகளாகச் சொல்லாதிருந்ததைச் சொன்னேன்: பிழை அவனுடையதன்று, எழுதாத சீட்டில் கையொப்பமிட்ட என்னுடையது என்று. இதனை ஐக்கியத்தின் கூட்டத்திலும் எழுந்து சொல்வதாகக் கூறினேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. இறுதியில், "சொல். ஆனால் என்னைப் பொருளாளனாக்கச் சொல்லாதே. எண்ணுவதற்கு மூன்றாவது ஆள் வேண்டுமென்றால் மட்டும் கூப்பிடு, வருகிறேன்" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொன்னேன். அன்று மாலை பக்கத்தறையில் அறுவடைக் காணிக்கையை எண்ண மூவர் அமர்ந்தனர். மூன்றாமவனாக அவன் இருந்தான். தொகையை இருமுறை எண்ணிப் பார்த்தபின் கையொப்பமிட்டான்.